என்ஜிசி 1313-இன் இரு எக்ஸ் கதிர் மூலங்கள்: வீட்டுக் கணினியில் செய்த நிறமாலை ஒப்பீடு

என்ஜிசி 1313 என்ற சுருள் விண்மீன் மண்டலம் நம்மிடமிருந்து சுமார் 1 கோடியே 40 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில், தென்வானின் ரெட்டிகுலம் விண்மீன் குழுவில் இருக்கிறது. அதில் எக்ஸ்-1, எக்ஸ்-2 என்று அழைக்கப்படும் இரண்டு எக்ஸ் கதிர் மூலங்கள் உள்ளன. இரண்டும் மண்டலத்தின் மையத்திலிருந்து விலகியே இருப்பதால், மையக் கருந்துளையின் வேலை என்று அவற்றின் ஒளியை விளக்கிவிட முடியாது. ஆயினும் அவை நொடிக்கு 10³⁹ எர்க்கை (எர்க் என்பது ஆற்றலின் அலகு) தாண்டி, சில வேளைகளில் 10⁴⁰ எர்க் அளவுக்கு எக்ஸ் கதிர்களை உமிழ்கின்றன. பத்து சூரிய நிறையுள்ள கருந்துளை ஒன்று பொருளை விழுங்கும்போது, வெளியேறும் ஒளியின் அழுத்தம் விழும் பொருளைத் தடுத்து நிறுத்திவிடும் நிலையைத்தான் எடிங்டன் வரம்பு என்கிறோம். அந்த வரம்பே நொடிக்கு சுமார் 1.3 × 10³⁹ எர்க் மட்டும்தான். வரம்பை மீறி ஒளிரும் இத்தகைய பொருள்களுக்கு மிகையொளிர் எக்ஸ் கதிர் மூலங்கள் என்று பெயர்.

இந்த இரண்டும் ஒரே மாதிரியாக மாறுவதில்லை என்பதே என்னை இவற்றின் பக்கம் இழுத்தது. 2006இல் ஹுவா ஃபெங், ஃபிலிப் காரெட் இருவரும் எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்ற எக்ஸ் கதிர் விண்கலத்தின் 12 நோக்கீடுகளை (வானத்தின் ஒரு பகுதியைத் தொடர்ந்து பார்த்து எடுத்த பதிவுகளை) ஒப்பிட்டு, எக்ஸ்-1 பிரகாசமாகும்போது அதன் நிறமாலை, அதாவது எந்த ஆற்றலில் எத்தனை ஃபோட்டான்கள் வருகின்றன என்ற பகிர்வு, மென்மையாகிறது என்றும், எக்ஸ்-2 பிரகாசமாகும்போது கடினமாகிறது என்றும் காட்டினார்கள். மென்மை என்றால் குறைந்த ஆற்றல் ஃபோட்டான்களின் பங்கு கூடுவது. கடினம் என்றால் உயர் ஆற்றல் ஃபோட்டான்களின் பங்கு கூடுவது. ஒரே மண்டலத்தில், ஒரே கேமராவின் ஒரே படத்தில் விழும் இரண்டு மூலங்கள் எதிரெதிர்த் திசையில் நகர்கின்றன என்பதை, மூலத் தரவிலிருந்து தொடங்கி என் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்று விரும்பினேன். அந்த வேலையின் பதிவு இது. இதே வழியில் முயல நினைப்பவர்களுக்கு எந்த இடத்தில் நின்று நிதானிக்க வேண்டும் என்பதைச் சொல்வதே என் நோக்கம்.

பெங்களூருவில் இருந்துகொண்டு ஏன் இந்தியாவின் வானியல் செயற்கைக்கோளான அஸ்ட்ரோசாட்டின் தரவை எடுக்கவில்லை என்று எங்கள் குழுவில் பலரும் கேட்டார்கள். ஞாயிறு மாலைகளில் அல்சூரில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் கூடி, வானியல் தரவுகளைத் தமிழில் பேசியபடி அலசும் சிறிய குழு எங்களுடையது. நகரத்துக்கு அருகிலுள்ள பயலாலுவில் இருக்கும் இந்திய விண்வெளி அறிவியல் தரவு மையத்திலிருந்து அஸ்ட்ரோசாட் தரவுகளை யாரும் பெற முடியும் என்பதால் அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் அஸ்ட்ரோசாட்டின் மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி ஒரு புள்ளி மூலத்தைச் சுமார் 2 ஆர்க் நிமிட அகலத்துக்குப் பரப்பிக் காட்டும் (ஆர்க் நிமிடம் என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு; அதன் அறுபதில் ஒரு பங்கு ஆர்க் நொடி). எக்ஸ்எம்எம்-நியூட்டனோ அதை ஆர்க் நொடிக் கணக்கில் அடக்கிவிடும். என்ஜிசி 1313 போன்ற நெரிசலான புலத்தில் மூலத்தையும் அதன் அண்டையையும் பிரித்தெடுப்பதுதான் முதல் தேவை. தவிர, 1999 டிசம்பரில் ஏவப்பட்ட எக்ஸ்எம்எம்-நியூட்டன் 2000 அக்டோபரிலேயே இந்த மண்டலத்தைப் பார்த்து, பின்னர் பலமுறை அதற்குத் திரும்பியிருக்கிறது. மாற்றத்தைப் படிக்க வேண்டுமானால் நீண்ட இடைவெளியில் எடுத்த பல நோக்கீடுகள் வேண்டும். அவை இங்கே இருக்கின்றன.

மென்பொருள் நிறுவுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எக்ஸ்எம்எம்-நியூட்டன் தரவைப் பதப்படுத்தும் ஐரோப்பிய விண்வெளி முகமையின் எஸ்ஏஎஸ் தொகுப்பும் நாசாவின் ஹீசாஃப்ட் தொகுப்பும் இலவசமாகக் கிடைக்கின்றன. நிறமாலைப் பொருத்தத்துக்குத் தேவையான எக்ஸ்ஸ்பெக் நிரல் ஹீசாஃப்ட்டுக்குள்ளேயே இருக்கிறது. உபுண்டு நிறுவிய சாதாரண மடிக்கணினி போதும். அளவீட்டுக் கோப்புகளுக்கும் (கருவி எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சொல்லும் கோப்புகள்) மூலத் தரவுக்கும் தாராளமாக வட்டு இடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். கோடையில் பிற்பகல் மின்வெட்டு உள்ள பகுதியில் இருந்தால், நீண்ட நேரம் ஓடும் கட்டளைகளை இரவில் விடுவது நல்லது.

தரவு இறங்கியதும் முதலில் அந்த நோக்கீட்டின் தேதிக்கு உரிய அளவீட்டுக் கோப்புகளின் பட்டியலை 'சிஃப்பில்ட்' கட்டளையால் உருவாக்கி, பிறகு 'எப்ராக்' கட்டளையால், எக்ஸ்எம்எம்-நியூட்டனின் மூன்று எக்ஸ் கதிர் கேமராக்களில் ஒன்றான பிஎன் கேமராவின் நிகழ்வுப் பட்டியலைப் பெற்றேன். நிகழ்வுப் பட்டியல் என்பது, கேமராவில் விழுந்த ஒவ்வொரு ஃபோட்டானும் எந்த நேரத்தில், எந்த இடத்தில், எவ்வளவு ஆற்றலோடு வந்தது என்பதை வரிக்கு ஒன்றாகப் பதிவுசெய்த நீண்ட அட்டவணை. அதில் உள்ள எல்லாமே வானத்திலிருந்து வந்த எக்ஸ் கதிர் அல்ல. பூமியின் காந்தப்புலத்தில் அலையும் மென் புரோட்டான்கள் கண்ணாடிகளின் வழியே குவிந்து திடீர் திடீரெனப் பின்னணியை ஏற்றிவிடும். 10 முதல் 12 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (ஃபோட்டானின் ஆற்றலை அளக்கும் அலகு) வரையிலான பகுதியில் விண்பொருள்களின் ஒளி மிகக் குறைவு. எனவே அங்கே எண்ணிக்கை எகிறினால் அது புரோட்டான்களின் வரவு என்று கொள்ளலாம். பிஎன் கேமராவுக்கு நொடிக்கு 0.4 எண்ணிக்கைக்கு மேல் போகும் நேரங்களை வெட்டி எறிவது வழக்கமான அளவுகோல். ஆனால் ஒவ்வொரு நோக்கீட்டுக்கும் நேர வளைவைக் கண்ணால் பார்த்து, அமைதியான தளம் எங்கே இருக்கிறது என்பதை உறுதிசெய்த பிறகே நான் வெட்டினேன். சில நோக்கீடுகளில் பாதி நேரம் இப்படியே போய்விடுகிறது. அதற்காக வருந்தி வரம்பைத் தளர்த்தக் கூடாது. கறைபட்ட நேரத்தில் கிடைக்கும் கூடுதல் எண்ணிக்கை உயர் ஆற்றல் பகுதியில் போலியான வாலை ஒட்டவைத்துவிடும், நாம் தேடும் மாற்றமும் அதே பகுதியில்தான் இருக்கிறது.

அடுத்து மூலத்தைச் சுற்றி 30 ஆர்க் நொடி ஆரமுள்ள வட்டம் ஒன்றும், அதே சில்லில் (கேமராவின் உணர்வித் துண்டில்) வேறு மூலம் எதுவும் இல்லாத இடத்தில் பின்னணிக்காகப் பெரிய வட்டம் ஒன்றும் வரைந்தேன். எக்ஸ்-1 படத்தின் நடுவுக்கு அருகில் இருக்கும்போது எக்ஸ்-2 சில ஆர்க் நிமிடங்கள் தள்ளி விழுகிறது. பிஎன் கேமரா 12 சில்லுகளால் ஆனது என்பதால், விண்கலத்தின் திருப்பு கோணத்தைப் பொறுத்துச் சில நோக்கீடுகளில் அது சில்லுகளின் இடைவெளியில் சிக்கிக்கொள்கிறது. இடைவெளியில் விழுந்த ஃபோட்டான்கள் எவ்வளவு என்று 'ஏஆர்எஃப்ஜென்' கட்டளை கணக்கிட்டுத் திருத்தும் என்றாலும், ஒப்பீட்டின் அடித்தளமே பிரகாச வேறுபாடு என்பதால், மோசமாகச் சிக்கிய நோக்கீடுகளில் பிஎன்னை விட்டு, மற்ற இரண்டு கேமராக்களான மாஸ் கேமராக்களின் தரவை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒன்று அல்லது இரண்டு படப்புள்ளிகளில் பதிவான ஒற்றை, இரட்டை நிகழ்வுகளை மட்டும் அனுமதித்து, ஐயத்துக்குரிய படப்புள்ளிகளை விலக்கி, 0.3 முதல் 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை நிறமாலையைப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்தது 25 எண்ணிக்கை இருக்கும்படி தொகுத்த பிறகு வேலை எக்ஸ்ஸ்பெக்குக்கு மாறுகிறது.

சிக்கல் உண்மையில் தொடங்குவது இங்கேதான். நிறமாலையை விளக்க எளிய வழி, இரண்டு உறுப்புகளைக் கூட்டுவது: குறைந்த ஆற்றலில் வெப்ப வட்டு (மூலத்தைச் சுற்றிச் சுழன்று விழும் சூடான பொருளின் தட்டு) ஒன்று, அதற்கு மேல் அடுக்கு விதி (ஆற்றல் கூடக் கூட ஃபோட்டான்கள் ஒரே அடுக்கெண்ணில் குறையும் வடிவம்; அடுக்கெண் பெரிதானால் நிறமாலை மென்மை) ஒன்று. இரண்டையும் மறைக்கும் வாயுவின் உறிஞ்சலை அவற்றின் மேல் பெருக்க வேண்டும். நம் பால்வெளியின் பங்கு இந்தத் திசையில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 4 × 10²⁰ ஹைட்ரஜன் அணுக்கள். அதை நிலைநிறுத்திவிட்டு, என்ஜிசி 1313-க்குள்ளேயே இருக்கும் வாயுவுக்கு இரண்டாவது உறிஞ்சலைச் சேர்த்தேன். இந்த இரண்டாவது அளவு 10²¹-ஐத் தாண்டுகிறது. அதை ஒவ்வொரு நோக்கீட்டிலும் தனித்தனியாக மாறவிட்டபோது எக்ஸ்-1-இன் அடுக்கெண் அழகாக ஏறியது. பிரகாசமான நோக்கீடுகளில் 2.5-ஐ நெருங்கியது. முடிவு கிடைத்துவிட்டது என்று தோன்றும் இடம் அது. குழுவில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் மாணவி ஒருவர் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "அண்ணா, அடுக்கெண் ஏறும் இடத்தில் எல்லாம் வாயுவின் அளவும் சேர்ந்தே ஏறுகிறதே, இது மூலத்தின் மாற்றமா, இல்லை கணக்கின் மாற்றமா?" என்று கேட்டார்.

மிகச் சரியான கேள்வி அது. அடுக்கு விதி என்பது குறைந்த ஆற்றலை நோக்கி முடிவில்லாமல் ஏறிக்கொண்டே போகும் வடிவம். அடுக்கெண் செங்குத்தாகும்போது 1 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே அது தேவைக்கு மேல் ஃபோட்டான்களை முன்கணிக்கிறது. அந்த மிச்சத்தை அழிக்க நிரல் வாயுவைக் கூட்டுகிறது. வாயு கூடியதால் மேலும் செங்குத்தான அடுக்கெண்ணுக்கு இடம் கிடைக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துச் செல்லும் இந்த உறவை 'ஸ்டெப்பார்' கட்டளையால் வரைந்து பார்த்தால், பொருத்தத்தின் சமமட்டக் கோடுகள் வட்டமாக இல்லாமல் சாய்ந்த நீள்வட்டமாகக் கிடப்பது தெளிவாகத் தெரியும். இதற்கு நான் எடுத்த முடிவு, எல்லா நோக்கீடுகளையும் ஒரே நேரத்தில் எக்ஸ்ஸ்பெக்கில் ஏற்றி, ஒவ்வொரு மூலத்துக்கும் வாயுவின் அளவு எல்லாக் காலத்துக்கும் ஒன்றே என்று பிணைத்துவிடுவது. மூலத்தைச் சுற்றியுள்ள காற்றோட்டம் காலத்தோடு மாறக்கூடும் என்பதால் இந்தப் பிணைப்பும் ஒரு அனுமானமே. ஆனாலும் மண்டலத்தின் வட்டில் பரவியிருக்கும் வாயு சில ஆண்டுகளில் மாற வாய்ப்பில்லை என்பதால், மாறவிடுவதைவிடப் பிணைப்பதையே நான் நம்புகிறேன். பிணைத்த பிறகு எக்ஸ்-1-இன் அடுக்கெண் மாற்றம் வெகுவாகச் சுருங்கியது. ஆனால் திசை மாறவில்லை. எக்ஸ்-2-இலும் அப்படியே: மங்கலான காலத்தில் செங்குத்தாகவும் பிரகாசமான காலத்தில் 2-க்குக் கீழே தட்டையாகவும் இருந்தது. ஒரு மாற்றத்தின் அளவு நாம் தேர்ந்தெடுக்கும் சூத்திரத்தைப் பொறுத்தும், அதன் திசை மட்டும் தரவைப் பொறுத்தும் இருந்தால், திசையை மட்டுமே முடிவாக எழுத வேண்டும் என்பது என் கருத்து.

கருவியின் பங்கு இதில் எவ்வளவு என்ற கேள்வி இன்னும் மிச்சமிருந்தது. செயற்கைக்கோள் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் எங்கள் குழுவுக்கு அவ்வப்போது வருவார். பிஎன்னும் மாஸும் ஒரே போக்கைக் காட்டுகின்றன என்று அவரிடம் சொன்னேன். "மூன்று கேமராவுக்கும் தனித்தனிக் கண்ணாடித் தொகுதி இருப்பதால் அது நல்ல சான்றுதான்; ஆனாலும் அதே படத்தில் மாறாத பொருள் ஒன்று இருந்தால் அதையும் அளந்துவிடுங்கள்" என்றார். அப்படி ஒன்று இருக்கிறது என்பதுதான் இந்தப் புலத்தின் பெரிய வசதி. 1978-இல் வெடித்த எஸ்என் 1978கே என்ற சூப்பர்நோவா, எக்ஸ்-1, எக்ஸ்-2 இரண்டோடும் சேர்ந்து அதே புலத்தில் தெரிகிறது. வெடிப்பின் அதிர்ச்சி அலை சுற்றியுள்ள அடர்ந்த வாயுவில் மோதி ஒளிர்வதால் அதன் எக்ஸ் கதிர் மிக மெதுவாகவே மாறும். நாம் ஒப்பிடும் சில ஆண்டு இடைவெளியில் அதை நிலையான விளக்காகவே கொள்ளலாம்.

ஆகவே ஒவ்வொரு நோக்கீட்டிலும் எஸ்என் 1978கே-யின் நிறமாலையையும் அதே படிகளில் பிரித்தெடுத்து, இரண்டு வெப்பநிலைகள் கொண்ட சூடான வாயு மாதிரியைப் பொருத்தினேன். ஒரு நோக்கீட்டுக்குக் கிடைத்த மாதிரியை அப்படியே மற்றவற்றின் மேல் வைத்துப் பார்த்தபோது பிழைக்கோட்டுக்குள் பொருந்தியது. அதே செயலை எக்ஸ்-1-க்கோ எக்ஸ்-2-க்கோ செய்தால் எச்சங்கள் (தரவுக்கும் மாதிரிக்கும் உள்ள வேறுபாடுகள்) ஒருபுறமாகச் சாய்ந்து நின்றன. இந்தச் சோதனை எனக்கு அளித்த நிம்மதியை, பொருத்தம் எவ்வளவு நன்று என்று அளக்கும் எந்தக் கை-வர்க்க (χ²) எண்ணும் அளித்ததில்லை. ஆனால் இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். எஸ்என் 1978கே-யின் ஒளியில் பெரும்பகுதி 2 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழேயே இருக்கிறது. கண்ணாடியின் அச்சிலிருந்து விலகிய மூலங்களின் ஒளி குறையும் விளிம்பு மங்கலோ உயர் ஆற்றலில்தான் கடுமையானது. அந்தத் திருத்தம் சரியாக இருக்கிறதா என்று 5 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் இந்தச் சூப்பர்நோவாவால் சாட்சி சொல்ல முடியாது. இதனால்தான், திருத்தப்படாத எண்ணிக்கைகளை இரண்டு ஆற்றல் பகுதிகளாகப் பிரித்து வகுத்துப் பார்க்கும் கடினத்தன்மை விகிதத்தை, வெவ்வேறு கோணங்களில் எடுத்த நோக்கீடுகளுக்கிடையே நேரடியாக ஒப்பிடக் கூடாது என்று குழுவில் வற்புறுத்துகிறேன். ஒரே நோக்கீட்டுக்குள் நேரத்தோடு ஏற்படும் மாற்றத்துக்கு அது சிறந்த கருவி, நோக்கீடுகளுக்கிடையே அல்ல.

பொருத்தத்தில் இன்னொரு செய்தியும் வெளிப்பட்டது. எக்ஸ்-2 பிரகாசமாக இருக்கும் நோக்கீடுகளில், 5 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் தரவு அடுக்கு விதிக்குக் கீழே வளைந்து இறங்குகிறது. மங்கலான நோக்கீடுகளில் எண்ணிக்கை குறைவு என்பதால் வளைவு இருந்தாலும் தெரியாது. இந்த வளைவை அலட்சியம் செய்தால் வரலாற்றில் நடந்த ஒரு வாதத்தின் பொருள் புரியாமல் போய்விடும். 2003-இல் எக்ஸ்-1, எக்ஸ்-2 இரண்டின் நிறமாலையிலும் 0.15 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவிலான குளிர்ந்த வட்டு இருப்பதாக ஆய்வாளர்கள் கண்டார்கள். வட்டின் உள்விளிம்பு வெப்பநிலை கருந்துளையின் நிறை கூடக் கூடக் குறையும் என்பதால், ஆயிரம் சூரிய நிறை அளவிலான இடைநிலைக் கருந்துளைகள் இவை என்ற விளக்கம் எழுந்தது. அந்த விளக்கம் சரியாக இருந்தால், பிரகாசம் வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏற வேண்டும். ஃபெங்கும் காரெட்டும் 2007-இல் எக்ஸ்-2-க்கு இதைச் சோதித்தபோது போக்கு நேர் எதிராக இருந்தது. ஒற்றை நிறமாலையில் நன்றாகப் பொருந்திய குளிர்ந்த வட்டு, பல நோக்கீடுகளை வரிசையாக வைத்தவுடன் தாக்குப்பிடிக்கவில்லை. என் தரவில் எல்லாக் காலத்தையும் சேர்த்துப் பொருத்தும்போதும், வட்டின் வெப்பநிலையும் பிரகாசமும் நான்காம் அடுக்குக் கோட்டின் அருகில்கூட வரவில்லை.

பின்னர் வந்த செய்தி இதைவிடத் தீர்க்கமானது. எக்ஸ்-2 சுமார் 1.5 நொடிக்கு ஒருமுறை துடிக்கிறது என்று 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. கருந்துளை இப்படிச் சீராகத் துடிக்காது; எனவே அது நியூட்ரான் விண்மீன், அதாவது வெடித்த பெரிய விண்மீனின் மிக அடர்ந்த சுழலும் மிச்சம். அதன் நிறை ஏறத்தாழ 1.4 சூரிய நிறை என்று கொண்டால் எடிங்டன் வரம்பு 2 × 10³⁸ எர்க்கைக்கூடத் தொடாது. 10⁴⁰ எர்க் என்பது அதைப் போல் ஐம்பது மடங்குக்கும் மேல். மிகையொளிர் மூலம் ஒன்றில் இத்தகைய துடிப்பு 2014-இல், எம்82 என்ற வேறொரு மண்டலத்தின் எக்ஸ்-2-இல், உயர் ஆற்றல் எக்ஸ் கதிர்களைப் பார்க்கும் நூஸ்டார் விண்கலத்தால் முதலில் காணப்பட்டது. அதன் சுழற்சிக் காலம் 1.37 நொடி. என்ஜிசி 1313 எக்ஸ்-2-இன் துடிப்பைத் தேட விரும்புவோர் கவனிக்க வேண்டியது: பிஎன் கேமரா முழுச்சட்ட முறையில் 73.4 மில்லி நொடிக்கு ஒருமுறை தரவை எடுக்கிறது, மாஸ் கேமராவோ 2.6 நொடிக்கு ஒருமுறைதான். ஆகவே மாஸ் தரவில் 1.5 நொடித் துடிப்பைத் தேடுவது வீண். பிஎன் தரவிலும் துடிப்பு வலுவற்றது, சில நோக்கீடுகளில் மட்டுமே தெரிவது. சுற்றுப்பாதை இயக்கத்தால் காலம் நழுவுவதையும் தேடலில் சேர்க்க வேண்டும்.

எக்ஸ்-1-இல் இதுவரை துடிப்பைப் பற்றிய செய்தி இல்லை. ஆனால் வட்டிலிருந்து வெளியே வீசும் வாயுக் காற்று இருக்கிறது. 2016-இல் எக்ஸ்எம்எம்-நியூட்டனின் கீற்றணி நிறமாலைமானியின் தரவில், ஒளியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில் வெளியேறும் வாயுவின் உறிஞ்சல் கோடுகள் கண்டறியப்பட்டன. வரம்பை மீறிப் பொருள் விழும்போது வட்டிலிருந்து தடித்த காற்று கிளம்பி, நடுவில் குழிந்த புனல் போன்ற வடிவம் உண்டாகும். புனலுக்குள் நேராகப் பார்ப்பவருக்குக் கடினமான ஒளியும், பக்கவாட்டில் காற்றின் வழியே பார்ப்பவருக்கு மென்மையான ஒளியும் வரும். பொருள் விழும் வேகம் கூடும்போது காற்றின் சுவர் மேலும் எழும்பி எக்ஸ்-1-ஐப் பார்க்கும் நம் கோட்டுக்குள் வந்துவிடுகிறது என்றும், எக்ஸ்-2-ஐ நாம் புனலின் வாய்க்கு நெருக்கமாகப் பார்ப்பதால் அங்கே அது நிகழ்வதில்லை என்றும் கொண்டால், எதிரெதிர்த் திசைகளில் நடக்கும் மாற்றம் ஒரே பொறியமைப்பில் அடங்கிவிடுகிறது. எனக்கு இந்த விளக்கம் பிடித்திருக்கிறது. ஆயினும் எக்ஸ்-2-இல் காந்தப்புலம் வாய்ந்த நியூட்ரான் விண்மீன் இருக்கும்போது, கடினமான ஒளியில் ஒரு பங்கு விண்மீனின் துருவத்தில் பொருள் விழும் தூணிலிருந்தே வரக்கூடும். பார்க்கும் கோணம் ஒன்றையே காரணமாக வைத்து இரண்டையும் விளக்குவதற்கு முன் அந்தப் பங்கைப் பிரித்தாக வேண்டும்.

அதற்கு 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் தரவு வேண்டும். நூஸ்டார் 3 முதல் 79 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை படமெடுக்கும். எக்ஸ்எம்எம்-நியூட்டனும் அதுவும் ஒரே சமயத்தில் என்ஜிசி 1313-ஐப் பார்த்த தரவு பொதுக் காப்பகத்தில் இருக்கிறது. இரண்டு கருவிகளுக்கிடையே உள்ள அளவீட்டு வேறுபாட்டுக்கு ஒரு பெருக்கல் மாறிலியைச் சேர்த்து, வாயுவின் அளவை முன்போலவே பிணைத்துவைத்து, வட்டுக்கும் அடுக்கு விதிக்கும் பதிலாக இரண்டு வட்டுகளும், உயர் ஆற்றலில் சட்டென இறங்கும் வெட்டுப்பட்ட அடுக்கு விதி ஒன்றும் கொண்ட மாதிரியை இப்போது பொருத்திக்கொண்டிருக்கிறேன். எக்ஸ்-1-இன் முதல் நோக்கீட்டில் வளைவு நூஸ்டார் தரவிலும் தொடர்ந்து இறங்குகிறது. எக்ஸ்-2-இன் நூஸ்டார் எண்ணிக்கை குறைவு என்பதால், அதற்குப் பின்னணி வட்டத்தை எந்தச் சில்லில் வைப்பது என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.